ஆள் ஒன்று, மூட்டை முப்பத்தொன்று

ஓர் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதிவிடலாம். அந்த ஊர்க்காரர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றுவது வேறு வேலை. முதல் வேலையை நான் ஆறு நாளில் முடித்தேன். இரண்டாவது வேலையில்தான் என் மானம் போனது. போனது போனதுதான். ஆனால் அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று இதுவரை ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இங்கேயும் ஒப்புக்கொள்வதாக இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். (சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் முப்பது வருஷமாகச் சிரிக்கிறார்கள். அதனால் நான் இளைத்துப் போய்விடவில்லை.)

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. எங்கள் ஊரில் அன்றைக்கு அதற்கு மேல் படித்தவர் கிடையாது. அதனால் கடிதம் எழுதுவது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் என் வேலை. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். பேசச் சொன்னால்தான் தொண்டைக்குள் பஞ்சு அடைத்துக்கொள்ளும். புது ஆளைக் கண்டால் பக்கத்தில் தூணோ மரமோ இருக்கிறதா என்று என் கை தானாகத் தேடும். இப்போதும் அப்படித்தான்.

எங்கள் ஊர் கீரனூருக்குக் கிழக்கே ஏழு மைல். குன்றாண்டார்கோவில் பக்கத்து வறண்ட பூமி. கடலை, வரகு, கண்மாய் நிறைந்தால் கொஞ்சம் நெல். கீரனூரில் திருச்சி ரோடு இருந்தது, அதில் பஸ் ஓடியது. எங்களுக்கும் அந்த ரோட்டுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதையும் ஒரு காட்டாறும் இருந்தன. ஆற்றில் தண்ணீர் வருஷத்தில் பத்து நாள், மணல் மற்ற நாளெல்லாம். கடலை மூட்டையை விற்பதற்கும், காய்ச்சல் கண்டவரை வைத்தியரிடம் காட்டுவதற்கும், ஒரு முழம் துணி எடுப்பதற்கும் அந்த ஏழு மைலைக் காலால் அளக்க வேண்டும்.

ஊருக்குப் பஸ் வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் அது கொஞ்சம் அவசரமாக வேண்டியிருந்தது. காரணம், செல்லம்மா.

செல்லம்மா என் தாய்மாமன் மகள். மாமா கீரனூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்துக் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டார். முறைப்பெண்தானே என்று ஆத்தா தன் தம்பியிடம் பெண் கேட்கப் போனபோது, நானும் கூடப் போய்க் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, பையனைக் குறை சொல்லலை," என்றார் மாமா. "ஊரைத்தான் சொல்றேன். எம்மக ஒரு நல்லது கெட்டதுக்கு இங்கன வரணும்னா ஏழு மைலு நடக்கணும். வயித்துல பிள்ளையோட நடக்க முடியுமா? ஒங்க ஊருக்கு ஒரு பஸ் வரட்டும். மறுநா நானே பரிசம் போட வாரேன்."

"பஸ்ஸு எப்படா வரும்?" என்றாள் ஆத்தா.

"அதை ஒங்க மகன்தான் சொல்லணும். பேசுவானா?"

கடைக்கு உள்ளே யாரோ சிரித்தார்கள். வளையல் சத்தமும் கேட்டது. நான் தூணை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. பஸ்ஸைக் கொண்டுவந்து காட்டுவது என்று முடிவு செய்தேன்.

கீரனூரில் இரண்டு பஸ் வைத்திருந்த ஒரு முதலாளி இருந்தார். பட்டு அங்கவஸ்திரம், முறுக்கின மீசை, வெயில் இல்லாத நேரத்திலும் கையில் குடை. அவருடைய பஸ் கொட்டகைக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். போய்த் தூணைப் பிடித்தேன். வெகுநேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"யாருப்பா நீ? காலையிலேருந்து தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. விட்டா கொட்டகை விழுந்துருமா?"

மனுவை நீட்டினேன். வாசித்தார். "எங்கள் ஊரில் ஜனங்கள் நிறைய இருக்கிறார்கள், ஆகையால் பஸ் விட வேண்டியது" என்று எழுதியிருந்தேன்.

"நிறையன்னா எத்தனை?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"எண்ணிக்கிட்டு வா," என்றார். "ஆளே இல்லாத ஊருக்குப் பஸ் விட்டு, காக்காயை ஏத்திக்கிட்டா வர்றது?"

ஆறு நாள் வீடு வீடாகப் போனேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் தாய்மார்களுக்குக் கோபம் வந்தது. "எண்ணாதப்பா, கண்ணு பட்டுரும். கொஞ்சம் இருக்குன்னு எழுதிக்க," என்றாள் ஒருத்தி. (அவளுக்கு ஒன்பது.) பினாங்குக்குப் போன மகனை எழுதச் சொன்னார்கள். "இங்க இல்லையே அத்தை" என்று முணுமுணுத்தால், "அப்ப அவன் செத்தா போயிட்டான்?" என்று கேட்டார்கள். எழுதிக்கொண்டேன். மேலத்தெருவில் ஒருத்தி, அடுத்த மாதம் பிறக்கப் போவதையும் சேர்க்கச் சொன்னாள். பஸ் எப்படியும் அதற்குப் பிறகுதானே வரும் என்பது அவள் வாதம். நியாயமாகத்தான் பட்டது.

கூட்டிப் பார்த்தால் நானூற்றுப் பதினேழு. எங்கள் ஊரில் இவ்வளவு பேர் இருக்கிறோம் என்று எங்கள் ஊருக்கே அன்றுதான் தெரிந்தது. ஊருக்குத் தலைவராக, எங்கள் பேச்சில் அம்பலமாக, இருந்த என் பெரியப்பா அந்தக் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். (அவருக்குப் படிக்கத் தெரியாது.) "நல்லாத்தான் இருக்கோம்" என்றார்.

முதலாளி காகிதத்தைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார். "நானூறு இருக்கா? சரி. ஒரு நாள் பஸ்ஸைக் கொண்டாந்து பாக்குறேன். அன்னைக்குச் சும்மாவே ஏறலாம். முப்பது பேர் ஏறிட்டா, சமஸ்தானத்துல அனுமதி வாங்கித் தினம் விடுறேன். ஏறலைன்னா இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. என்னைக்கு வரட்டும்?"

"வெள்ளிக்கிழமை," என்றேன்.

அவரிடம் நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். நல்ல காரியத்துக்கு வெள்ளிக்கிழமையை விடச் சிறந்த நாள் ஏது? ஒரே ஒரு வார்த்தை பேசினேன். அதிலும் ஊரையே கவிழ்க்கும் வார்த்தையாகப் பார்த்துப் பேசினேன்.

முப்பது பேரைச் சேர்ப்பது கஷ்டமாக இல்லை. கடலை கொண்டுபோகிறவர்கள், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள், கீரனூரைச் சும்மா பார்க்கப் போகிறவர்கள் என்று ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிட்டார்கள். பெரியப்பாவும் பேர் கொடுத்தார். பஸ்ஸை வரவேற்கப் பானகம் கரைப்பது என்று நான்தான் யோசனை எழுதிக் கொடுத்தேன். ஊரில் இருந்த ஒரே கடையில் கிடந்த வெல்லம் முழுவதையும் வாங்கினேன். போதவில்லை. வீடு வீடாகப் போய்ப் பானையில் இருந்த வெல்லத்தையும் கேட்டு வாங்கினேன். தலையை எண்ணிய அதே ஒழுங்கோடு வெல்லத்தையும் விடாமல் வசூலித்தேன். ஓர் எறும்புக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரின் மேற்கு எல்லையில் முப்பது பேர் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கடலை மூட்டை, துணி மூட்டை, எல்லாவற்றோடும் வழிக்கு ஒரு கட்டுச்சோறு. வழியனுப்பவும் வேடிக்கை பார்க்கவும் மீதி ஊர். தூரத்தில் புழுதி தெரிந்தது. பிறகு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் கட்டியிருந்த மாடுகள் இரண்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு கிழக்கே ஓடின. பஸ் வந்து நின்று, நின்ற பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஆவி வேறு வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதுவரை பஸ்ஸுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. முப்பது பேரும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதலாளி இறங்கினார். மூன்று செம்பு பானகம் குடித்தார். டிரைவர் இரண்டு, கண்டக்டர் இரண்டு, கிளீனர் நான்கு. மீதியைப் பிள்ளைகள் அண்டாவைச் சாய்த்துக் குடித்துவிட்டு விரலால் வழித்தார்கள்.

"நல்லாருக்கு," என்றார் முதலாளி. "ம், ஏறுங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெரியப்பா பஸ்ஸைப் பார்த்தார். அதன் மூஞ்சியில் வந்த ஆவியைப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார்.

"கருப்பையா, இந்த வண்டி எங்கிட்டுப் போகுது?"

"கீரனூருக்குப் பெரியப்பா."

"கீரனூரு எந்தத் திக்கு?"

"மேக்க."

"இன்னைக்கு என்ன கிழமை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அந்தத் திசையில் அந்த நாளில் பயணம் புறப்பட்டால் சூலத்துக்கு எதிரே போய் நிற்பது போல. எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரிந்திருந்தும் ஒருவருக்கும் தோன்றாமல் போனதற்குக் காரணம் உண்டு. 'பஸ் வருகிறது, பஸ் வருகிறது' என்றுதான் ஒரு மாதமாகப் பேசினோம். வந்த பஸ் போகும் என்பதை யாரும் நினைக்கவில்லை. கிழக்கே பார்த்து வருவதற்கு வெள்ளிக்கிழமை உத்தமமான நாள்தானே.

"சூலம்னா பரிகாரம் இருக்குல்ல," என்று கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் ஆரம்பித்தார். "மேக்க சூலத்துக்கு ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டுக் கெளம்பலாம்."

எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. "வெல்லம் கொண்டாங்கப்பா."

ஒருவரும் அசையவில்லை. முதலில் ஒருத்தி அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முப்பது பேரும் பார்த்தார்கள். அண்டா கவிழ்ந்து கிடந்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூணைத் தேடினேன். வெட்டவெளி.

"கருப்பட்டி இருக்கு," என்றாள் ஒருத்தி.

"சாஸ்திரத்துல வெல்லம்னுதான் இருக்கு. கருப்பட்டின்னு இல்லை," என்றார் பெரியப்பா.

"அண்டாவுல தண்ணிய ஊத்தி அலசிக் குடிச்சா?"

"வெல்லத்தைத் திங்கணும். கழுவிக் குடிக்கிறது எந்தச் சாஸ்திரம்?"

முதலாளி குடையைத் தரையில் ஊன்றினார். "நான் மூணு செம்பு குடிச்சிருக்கேன். எனக்குச் சூலம் கெடையாது. நான் போறேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்கப்பா ஒன்னோட நானூறு பேரு? எல்லாரும் பினாங்குலயா இருக்காங்க?"

இப்போது யோசித்தால் தெரிகிறது. சூலம் பாதி, பயம் பாதி. அந்த ஆவியும் நடுக்கமும் இல்லாமல் இருந்திருந்தால் கருப்பட்டிக்கே சாஸ்திரம் இடம் கொடுத்திருக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பஸ் காலியாகப் போனால் மறுபடி வராது. பஸ் வராவிட்டால் செல்லம்மா இல்லை. அவ்வளவுதான் தெரிந்தது. பஞ்சு அடைத்த தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மூட்டை போகலாம்ல, பெரியப்பா?"

இதற்கு விளக்கம் வேண்டும். நாள் சரியில்லாதபோது, நல்ல நேரத்தில் மூட்டையை மட்டும் வீட்டை விட்டு வெளியே எடுத்து இன்னொரு வீட்டில் வைப்பது வழக்கம். அதற்குப் பரஸ்தானம் என்று பேர். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகவே கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகப் போகலாம். வழக்கமாக மூட்டை பக்கத்து வீடு வரைதான் போகும். ஏழு மைல் போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லையே.

பெரியப்பா யோசித்தார். "மூட்டைக்குச் சூலம் இல்லை," என்று தீர்ப்புச் சொன்னார். "மூட்டைய ஏத்துங்கடா. நாளைக்கு நாம போவோம்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் மூட்டைகள் ஏறிவிட்டன. பெஞ்சில் ஆளுக்கு ஓர் இடம் என்பது போல மூட்டைக்கு ஓர் இடம். ஜன்னல் ஓரம் வேண்டும் என்று இரண்டு பேர் தங்கள் மூட்டைகளுக்காகச் சண்டை போட்டார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் என் மூட்டையோடு நான் ஏறினேன். பின்னாலிருந்து ஆத்தா, "வேணாம்டா, சூலம்டா," என்றாள். "இருக்கட்டும்," என்றேன். ஆத்தாவின் சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

கண்டக்டர் உள்ளே பார்த்தார். விரலால் எண்ணினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்.

"ஆளு ஒண்ணு, மூட்டை முப்பத்தொண்ணு. ரைட்."

பஸ் கிளம்பியது. அரை மைல் போவதற்குள் காட்டாறு. வரும்போது சரிவில் இறங்கிய வேகத்தில் தாண்டிவிட்டது. போகும்போது அக்கரை மேடு. உள்ளே முப்பத்தொரு மூட்டைக் கனம். நடு ஆற்றில் சக்கரம் மணலைப் பறித்துக்கொண்டு அச்சு வரை இறங்கி உட்கார்ந்தது.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "எறங்கித் தள்ளுப்பா. நானூறு பேருக்கும் சேத்து நீ ஒருத்தன்தானே ஏறியிருக்க."

இறங்கித் தள்ளினேன். பஸ் நகரவில்லை. நான்தான் மணலுக்குள் நகர்ந்தேன். கிழக்குக் கரையில் ஊரே வந்து நின்றது. பெரியப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "சொன்னேன்ல. சூலம்."

அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. முதலாளியை எதிர்த்துப் பேச வாய் வராது. பெரியப்பாவை எதிர்த்து அதுவரை பேசியதே இல்லை. மணலில் முழங்கால் வரை நின்றுகொண்டு கத்தினேன். "சூலம்னா ஏறாதீங்க. தள்ளுறதுக்குமா சூலம்?"

பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டினார். "அவன் சொல்றது சரிதான். தள்ளுறது பயணமில்லைடா," என்று இறங்கினார். பின்னால் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், அவர்களுக்கு முன்னால் பிள்ளைகள். பனையோலையை வெட்டிக்கொண்டு வந்து சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். நானூறு இருந்திருக்காது. இருநூறுக்குக் குறையாது. இருநூறு பேர் கை வைத்தால் பஸ் என்ன, கோயில் தேரே மிரண்டு ஓடும். ஒரே மூச்சில் ஆற்றை விட்டு மேடேறியது. என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி பிடிக்காது என்று டிரைவர் நிறுத்தவே இல்லை. நான் ஓடிப்போய்ப் பின்பக்கம் தொற்றிக்கொண்டேன். பஸ் கீரனூரை நோக்கிப் பறந்தது.

கீரனூரில் மாமா கடை வாசலில் காத்திருந்தார். கடைத்தெருவில் பாதிப் பேரிடம் 'அக்கா ஊரிலிருந்து முதல் பஸ் வருகிறது' என்று சொல்லி வைத்திருந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பஸ் நின்றது. தலைமுதல் கால்வரை மணலும் வண்டி மசியுமாக நான் மட்டும் இறங்கினேன்.

"ஆளுக எங்கடா?" என்றார் மாமா.

கண்டக்டர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "ஆளு ஒண்ணு, மூட்டை முப்பத்தொண்ணு."

கடைத்தெரு சிரித்தது. கடைக்குள்ளே வளையல் சத்தத்தோடு இன்னொரு சிரிப்பு, எல்லாவற்றையும் விடக் கொஞ்சம் அதிகமாக. முதலாளி மாமாவிடம் சொன்னார்: "ஒங்க மருமகன் ஊருல மூட்டைக மட்டும்தான் குடியிருக்கு. நல்ல ஊரு. சண்டை சச்சரவு இருக்காது. கிளீனர், எல்லாத்தையும் எறக்கி ரோட்டுல போடு. பஸ்ஸைக் கொட்டகைக்கு எடு."

மூட்டையை இறக்கிவிட்டால் கதை முடிந்தது. நான் பஸ்ஸில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்குப்பா," என்றார் முதலாளி.

"ஊரு வரும்."

"என்னது?"

"ஊரு வரும். எண்ணிட்டுப் போங்க."

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தைரியம் இல்லை, கணக்கு. பஸ்ஸைத் தள்ளிய கைகளுக்கு இந்நேரம் பசி எடுத்திருக்கும். முப்பது வீட்டுக் கட்டுச்சோறும் என் மடியில் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் சூலத்தை விட மாட்டார்கள். சோற்றையும் விட மாட்டார்கள்.

முதலாளி கத்தினார். கிளீனர் என் கையைப் பிடித்து இழுத்தான். பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டேன். (பிடித்துக்கொள்வதில் எனக்குப் பழக்கம் அதிகம்.) மாமா, "எதுக்குடா மானத்தை வாங்குற, எறங்கு," என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில் என்ஜின் ஆறட்டும் என்று டிரைவர் வேப்பமர நிழலில் படுத்துவிட்டார். முதலாளிக்கும் வேறு வழி இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது கிழக்குப் பாதையில் புழுதி கிளம்பியது. ஆட்டு மந்தை என்றார் ஒருவர். மந்தைக்கு முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு பெரியப்பா வந்தார்.

"எங்கடா என் மூட்டை?"

முதலாளி எழுந்து நின்றார். "பெரியவரே, வெள்ளிக்கிழமை. மேக்க சூலமாச்சே."

"நாங்க பயணமா வந்தோம்? சோத்தைத் தேடி வந்தோம்," என்றார் பெரியப்பா. "தேடிப் போறதுக்குச் சூலம் கெடையாது."

பின்னால் வந்துகொண்டே இருந்தார்கள். மூட்டை கொடுத்தவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள், துணைக்கு வந்தவர்களைத் தேடி வந்தவர்கள். முதலாளி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தவர், நூற்றைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். திருச்சி ரோட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்து, இல்லாதவர்களுக்கும் பங்கு வைத்துச் சாப்பிட்டார்கள். மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்குள் போய் ஒரு கூடை வெல்லத்தைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். வந்து சேர்ந்த பிறகு பரிகாரம் பலிக்குமா என்று ஒருவர் கேட்டார். இனிப்பு எப்போது தின்றாலும் இனிப்புதான் என்று பெரியப்பா இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார்.

"திரும்ப எப்படிப் போவீங்க?" என்றார் மாமா.

பெரியப்பா தன் காலைப் பார்த்தார். ஏழு மைல் நடந்த கால். பிறகு பஸ்ஸைப் பார்த்தார். என்ஜின் ஆறி, அது சாதுவாக நின்றது. ஆவியும் இல்லை, நடுக்கமும் இல்லை.

"நம்ம ஊரு கெழக்க இருக்கு," என்று மெதுவாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமை கெழக்க சூலம் இல்லையேடா."

அவர் சொல்லி முடிக்கவில்லை. பஸ் நிறைந்தது. கூரை நிறைந்தது. ஏணியில் ஐந்து பேர், முன் மட்கார்டில் இரண்டு பேர். முதலாளியின் இடத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். "எறங்குங்கப்பா, ஸ்பிரிங்கு ஒடிஞ்சிரும்," என்று முதலாளி கெஞ்சினார். காலையில் ஏறச் சொன்ன அதே வாய். கண்டக்டர் பென்சிலை எடுத்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

எனக்கு இடம் இல்லை. பஸ்ஸைக் கொண்டுவந்தவனை ரோட்டில் விட்டுவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் போய்விட்டது. ஏறிய ஒருவராவது "கருப்பையா எங்கே" என்று கேட்டதாகத் தகவல் இல்லை. நடப்பதற்கு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"இருங்க மாப்புள்ளை, சாப்புட்டுப் போகலாம்," என்றார் மாமா.

அதுவரை 'டா' போட்டவர். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னார்: "பஸ் வர்ற ஊருக்குத்தான் பொண்ணு குடுப்பேன்னேன். பஸ்ஸைத் தள்ளிவிட்டுட்டு, அது பின்னாலயே நடந்து வர்ற ஊருக்கு யோசிக்காமக் குடுக்கலாம். எம்மக அங்க வழியில நின்னுபோக மாட்டா."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. வெள்ளியும் ஞாயிறும் அது மேற்கே காலியாகப் போய்க் கிழக்கே நிரம்பி வரும். காலியாகப் போன பஸ்ஸில் அவ்வளவு பேர் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று புதிதாக வந்த ஒரு கண்டக்டர் பைத்தியம் பிடித்தது போலத் திரிந்தார். பின்னாலேயே நடந்துபோய்விடுவோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. யுத்தம் வந்து பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றது. பிறகு வந்தது. இப்போது ஆற்றில் பாலம் இருக்கிறது, ஒரு நாளைக்கு மூன்று தடவை பஸ் வருகிறது.

என் கதை மட்டும் அந்தக் கண்டக்டரின் காகிதத்தோடு நின்றுவிட்டது. வீட்டில் பந்தி போட்டு ஆள் வராவிட்டால், "ஆளு ஒண்ணு, மூட்டை முப்பத்தொண்ணு" என்பாள் செல்லம்மா. மகன் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தில் மட்டும் தேறியபோதும் அதையேதான் சொன்னாள். போன வருஷம் மகள் கல்யாணத்தில் மழை கொட்டி, சம்பந்தி வீட்டுச் சீர் எல்லாம் வந்து ஆட்கள் வரத் தாமதமானபோது, சமையல்காரர் முதற்கொண்டு எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சமையல்காரருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

நான் இன்றைக்கும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் கீரனூருக்குப் போகிறேன். வெல்லம் போட்டுக்கொள்வதில்லை. செல்லம்மா எனக்குத் தெரியாமல் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறாள். அது எனக்கு எறும்பு கடித்த பிறகுதான் தெரிகிறது. பஸ்ஸில் நெளிந்துகொண்டே அதை எடுத்து வெளியே எறிகிறேன். சிரிப்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தக் கண்டக்டர் ஏறினவனை எழுதினார், மூட்டையை எழுதினார். தள்ளினவர்களை எழுதவில்லை. ஆகவே அவர் கணக்குத் தப்பு. என் நானூற்றுப் பதினேழுதான் சரி. பினாங்கில் இருந்தவர்களை வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள். பிறக்கப் போவதாக எழுதிய பிள்ளையைக் கழிக்க வேண்டாம். அவன்தான் இப்போது எங்கள் ஊர் பஸ்ஸுக்குக் கண்டக்டர். நான் ஏறினால் அவனும் பென்சிலை எடுத்துக்கொண்டு, "ஆளு ஒண்ணு," என்று ஆரம்பிக்கிறான். மிச்சத்தைப் பஸ்ஸே சொல்கிறது.